இல்லாத குடும்பத்துக்கு ஒரு சோடி கையுறை

அப்பா,

நேற்று அலுமாரியின் மேலே கிடந்த பெரிய பயணப்பெட்டியை இறக்கினேன். அம்மா அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார். அவருக்கு அந்தப் பெட்டிதான் வேண்டுமாம். உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்துத் திறந்தால் வறுத்த மிளகாய்த்தூளின் மணம் மூக்கில் ஏறியது. மூன்று தரம் தும்மினேன். ஓரத்துப் பையில் கையை விட்டபோது அந்தச் சிவப்புக் கம்பளிக் கையுறைகள் அகப்பட்டன. ஐந்து வயதுப் பிள்ளைக்கான அளவு. தூள் பக்கற்றோடு சேர்த்துச் சுற்றி நீங்கள் அனுப்பியதில் ஏறிய மணம் இத்தனை வருடமாகியும் போகவில்லை. கழுவினால் போய்விடும். நான் கழுவவில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். "இது ஆற்ற?" என்று கேட்டார். "அபியின்ரை" என்றேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அபி என்றொரு பிள்ளை கிடையாது. அவளையும் அவளுடைய தாய் தகப்பனையும் நான்தான் உண்டாக்கினேன். உங்களுக்காகத்தான் உண்டாக்கினேன். அந்தக் கதையை உங்களுக்கு ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து மனம் அரிக்கிறது.

அதற்கு முதல் வேறொன்றைச் சொல்ல வேண்டும். உங்களை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன். நீங்கள் பிரான்சுக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் என் அப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேசன் கடையின் தொலைபேசிக்குள் இருந்தவர். அம்மா என்னை வெளிக்கிடுத்தி, தலை இழுத்து, பவுடர் பூசிக் கூட்டிக்கொண்டு போவார். தொலைபேசியில் பவுடர் தெரியாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. நீங்கள் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மெற்றோப் பாலத்துக்குக் கீழே காசு கட்டிக் கதைக்கும் ஒரு கோல் கடையிலிருந்து கதைப்பீர்கள். நடுவில் இரும்பு அதிரும் சத்தம் ஒன்று வரும். "பொறு பிள்ளை, ரயில் போகுது" என்பீர்கள். நான் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். என் அப்பா ரயிலுக்குக் கீழே குடியிருக்கிறார் என்று வகுப்பில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

2009இல் அம்மாவுக்கும் எனக்கும் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் உங்களைக் கண்டும் அறியாமல் நின்றேன். தொப்பி போட்ட, மெலிந்த ஒரு மனிதர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "களைச்சுப்போனியளே?" என்று அந்த மனிதர் வாயைத் திறந்த பிறகுதான் அது நீங்கள் என்று தெரிந்தது. பதினாலு வயதுப் பிள்ளை தகப்பனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், குரலை வடிவாகக் கேட்பதற்கு. அடுத்த நாள் அந்த ரயிலைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தேன். அந்த வருடம் லா சப்பலில் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. கடை வாசல்களில் ஆட்கள் கையில் தொலைபேசியோடு ஊர்ச் செய்திக்காக நின்றார்கள். அவர்களைத் தாண்டி நாம் இருவரும் பாலத்துக்குக் கீழே போய் நின்றோம். மேலே மெற்றோ போனது. "இதுதான்" என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஊரில் கேட்கும்போது அது இன்னும் பெரிய ரயிலாக இருந்தது.

பிறகு பாரிசுக்கு வெளியே எபினேயில் இரண்டறை வீடு, உங்களுக்கு சென்-லசார் நிலையத்துப் பக்கம் உணவகக் குசினி, எனக்குப் பள்ளிக்கூடம், தாதிப் படிப்பு. நாம் ஒரே வீட்டில் இருந்த அந்த வருடங்களில் நீங்கள் வேலை முடிந்து வர நான் படுத்திருப்பேன். நான் எழும்பிப் போக நீங்கள் படுத்திருப்பீர்கள். தகப்பனும் மகளும் முகம் பார்த்துக் கதைக்கப் பழக எங்களுக்கு வசதிப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கனடாவில், கியூபெக்கின் வடகோடியில் தாதிமார் தேவை என்று விளம்பரம் பார்த்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஏன் போனாய் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். குளிர் பார்க்க ஆசை, அனுபவம் வரும், நல்ல பதவி வரும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். உண்மையான காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன். "எந்த ஊர்? ஆற்ற மகள்?" என்று ஒருவரும் கேட்காத ஓர் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் போல் இருந்தது. லா சப்பலில் ஒரு கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட நான் மூன்று தலைமுறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் வரைபடத்தை மேசையில் விரித்து, எண்ணெய் பட்ட விரலால் தடவித் தடவித் தேடினீர்கள். "இதிலை ரோட்டே இல்லையே, பிள்ளை."

"பிளேன் போகும் அப்பா."

அம்மா அழுதார். நீங்கள் வரைபடத்தை மடித்துவிட்டு, "நானும் இப்பிடித்தான் வந்தனான்" என்றீர்கள். தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம் என்றேன். தலையாட்டினீர்கள்.

ஜனவரியில் போய் இறங்கினேன். சின்ன விமானம். கீழே பார்த்தால் மரம் ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும். கடல் எது, நிலம் எது என்று தெரியவில்லை. விமானத்தின் படியில் கால் வைத்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. கண் இமைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கடற்கரையோரமாகச் சில நூறு பேர் வாழும் ஊர் அது. கட்டைக்கால்களில் நிற்கும் வீடுகள். குடிதண்ணீர் லொறியில் வந்து தொட்டியில் நிரப்பப்படும். புயல் அடித்தால் லொறி வராது. ஊரவர்கள் இனுயிட் என்ற பூர்வகுடி மக்கள். மருத்துவ நிலையத்தில் என்னோடு வேறு இரண்டு தாதிமார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் கியூபெக்காரர் தங்களுக்குள் பேசும் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. பாரிசில் கஷ்டப்பட்டுப் படித்த பிரெஞ்சு அங்கே செல்லாக்காசு. அவர்கள் சிரிக்கும்போது நானும் ஒரு நொடி பிந்திச் சிரித்தேன்.

ஒரு கிழமை போவதற்குள் சோறு அவிக்கும் மின்பானையோடு தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டேன். "அவிஞ்சிட்டுதே?" என்று கேட்பேன். அதன் சின்ன விளக்கு அணையும். அந்த ஊரில் தமிழுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு நீங்கள் எடுத்தீர்கள். அப்போது வீட்டிலிருந்துதான் எடுப்பீர்கள். பின்னால் அம்மா பாத்திரம் கழுவுவது கேட்கும். அங்கே இணைப்பு ஆமை வேகம், படம் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். பழையபடி நீங்கள் குரலாகிவிட்டீர்கள்.

"என்ன பிள்ளை, குளிரே?"

"பெரிசா இல்லை அப்பா." அன்று வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தைந்து பாகை.

"சாப்பாடு?"

"எல்லாம் இருக்கு."

பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, "அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை என்ன?" என்றீர்கள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நீங்கள் முதன்முதல் பாரிசில் வந்து இறங்கிய நாளுக்கே போய்விட்டது போன்ற குரல். என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"இருக்கினம் அப்பா. ஒரு குடும்பம் இருக்கு."

"எந்த ஊர்?"

இதிலிருந்து தப்பத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். யாழ்ப்பாணத்து மனிதரிடம் பொய் சொல்வதென்றால் ஊர், குறிச்சி, பள்ளிக்கூடம் எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "வேலணை" என்றேன், என்னோடு படித்த ஒருத்தி வேலணை என்பதால். அவர் என்ன வேலை என்றீர்கள். விமானம் இறங்கும் தளத்தில் பனி தள்ளுகிற வேலை என்றேன். பிள்ளைகள்? ஒரு பெண்பிள்ளை, அபி, ஐந்து வயது. ஏன் ஐந்து என்று சொன்னேன் என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் என்னைக் கூப்பிட்டு இடியப்பம் தருவார்கள் என்றேன். "தேங்காய் எங்காலை?" என்று உடனே கேட்டீர்கள். "டின் பால் அப்பா" என்றேன். வியர்த்துவிட்டது எனக்கு.

ஆனால் நீங்கள் மூச்சு விட்ட விதம் மாறியது. "அது போதும்" என்றீர்கள். அன்றைக்குத் தொலைபேசியை வைத்த பிறகு ஒரு கடுதாசியில் அவர்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எழுதி, மாறிச் சொல்லிவிடக் கூடாதென்று குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கதை முடியும்போது நீங்கள் கேட்பது ஒரே கேள்வி: "அந்தக் குடும்பம் சுகமோ?" "நல்ல சுகம் அப்பா" என்பேன்.

ஏழு கிழமை கழித்து ஒரு பொதி வந்தது. தூள், முறுக்கு, பருத்தித்துறை வடை, நடுவில் இந்தக் கையுறைகள். "அபிக்கு" என்று ஒரு துண்டில் எழுதியிருந்தீர்கள். பாரிஸ் குளிருக்கான மெல்லிய கம்பளி. அங்கே அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வெளியே போனால் சிறிது நேரத்தில் விரல் விறைத்துவிடும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். பொய்யை நிறுத்த நல்ல சந்தர்ப்பம் அதுதான். நான் நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு, "அபிக்கு அளவாயிருக்கு" என்றேன்.

எங்களுக்கு மொழிபெயர்த்து உதவும் மேரி என்ற ஊர்ப்பெண் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தபோது அவற்றைக் கண்டு, எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். எங்கள் இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில் முழுக்கதையையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கையுறையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பாவுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் மூக்கைச் சுருக்கினாள். அந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். 'ஓம்' என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். வந்த புதிதில் நோயாளிகள் பதில் சொல்கிறார்கள் இல்லையே என்று கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இதை உங்களுக்குச் சொன்னபோது, "அப்ப போனிலை ஓம் எண்டு சொல்லேலாதே" என்று பகிடி விட்டீர்கள்.

கோடையில் இரண்டு கிழமை விடுமுறையில் வந்தேன். நண்டுக் குழம்பு வைத்தீர்கள். என் தட்டில் நண்டுக்காலை உடைத்துப் போட்டுக்கொண்டே, "அபிக்கு இப்ப ஆறு வயதாயிருக்குமெல்லே?" என்றீர்கள். "ஓம் அப்பா" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா தலை நிமிரவில்லை. இப்போது யோசித்தால் எனக்கு என் புத்தியில்தான் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளையின் படம் ஒன்றை ஒருநாளாவது நீங்கள் காட்டச் சொன்னீர்களா? அந்தத் தாய் தகப்பனோடு ஒரு வார்த்தை கதைக்க வேண்டும் என்று கேட்டீர்களா? எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் கேட்காமல் இருப்பான்? அதில் நான் விளங்கியிருக்க வேண்டும்.

திரும்பிப் போனேன். ஒக்டோபரில் ஒருநாள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மருத்துவர் வேறோர் ஊரில், தொலைபேசியில் மட்டும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். விமானம் அனுப்பினார்கள், பிள்ளை பிழைத்தது. அடுத்த நாள் மருத்துவர் எடுத்து, உனக்கு நல்ல காது என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அந்த ஞாயிறு தலைகால் தெரியாமல் உங்களிடம் அளந்தேன்: "போனிலை ஆள் மூச்சு விடுறதைக் கேட்டே என்ன வருத்தமெண்டு இனி நான் சொல்லுவன் அப்பா."

உங்கள் குரல் கொஞ்சம் தள்ளி நின்று வந்தது. "அப்பிடியே? கெட்டிக்காரிதான்" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியை எடுத்தால் இரும்பு அதிர்ந்தது. வீட்டில் சிக்னல் சரியில்லை, லா சப்பலில் நிற்கிறேன் என்றீர்கள். "பொறு பிள்ளை, ரயில் போகுது." எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெளியே பனிப்புயல் கூரையைப் பிராண்டிக்கொண்டிருக்க, நான் கொமினிகேசன் கடையில் பவுடர் பூசி நின்ற பிள்ளையாகிவிட்டேன். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் பாலத்துக்குக் கீழேதான். ரயில் போகப் பொறுத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வெள்ளைக்குள் எனக்கென்று இருந்தது அந்தச் சத்தம்தான்.

பெப்ரவரியில் எடுத்தது அம்மா. ஞாயிறும் இல்லை. "அப்பாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம், வா" என்றார். என்ன வருத்தம் என்று நான் கேட்க முதல் வைத்துவிட்டார். நான்கு நாள் காற்று அடித்தது, விமானம் ஏறவில்லை. மேரி வந்து என்னோடு இருந்தாள். ஐந்தாம் நாள் புறப்பட்டு, மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தேன்.

நுரையீரல். ஒக்டோபரிலேயே தெரியும் என்றார்கள். ஒப்பந்தம் முடியும்வரை என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். முகமூடி போட்டு ஒட்சிசன் ஓடிக்கொண்டிருந்தது, பேச முடியாது. முதலில் எனக்கு முகமில்லாத குரலாக இருந்தவர் கடைசியில் குரலில்லாத முகமாகக் கிடந்தீர்கள். நான் தாதியாக நின்று அளவுகளைப் பார்த்தேன், குழாயைச் சரி செய்தேன், தலையணையை உயர்த்தினேன். மகளாக என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் அம்மா முகம் கழுவப் போன நேரம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, அங்கை அப்பிடியொரு குடும்பம் இல்லை."

நீங்கள் இரண்டு புருவத்தையும் உயர்த்தினீர்கள்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. வியப்பு என்று நினைத்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, இன்னொரு தரம் உயர்த்தினீர்கள். ஓம், தெரியும்.

"கோவமே அப்பா?"

முகமூடிக்கு மேலே தெரிந்த மூக்குத் தண்டைச் சுருக்கினீர்கள்.

அதற்கு அடுத்த நாள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் சமையலுக்கு மரக்கறி வாங்கப் பாலத்தடியில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். வழக்கமாக நீங்கள் வாங்கும் கடை. கடைக்கார அண்ணை வாழைக்காயை நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்கள் அந்தக் குளிர் நாட்டிலை இருந்த பிள்ளையெல்லே?"

"ஓம் அண்ணை."

"போன மாரியிலை அப்பா ஒருநாள் வந்து கேட்டவர், உங்கடை ஆக்கள் கனடாவிலை இருக்கினமே, இன்ன ஊரிலை ஒரு வேலணைக் குடும்பம் இருக்காம், விசாரிச்சுச் சொல்லுங்கோ, என்ர பிள்ளையைப் பாத்துக்கொள்ளுறதுக்கு ஒரு நன்றி சொல்லோணும் எண்டு. நான் என்ர தம்பியைப் பிடிச்சு விசாரிச்சன். வேலணை ஆக்களும் விசாரிச்சவை. அப்பிடி ஒருத்தரும் அங்கை இல்லை. ரெண்டு கிழமையிலை அப்பாட்டைச் சொல்லிப்போட்டன்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"'சரி' எண்டார். பிறகு அந்தா, முன்கடையிலை தொங்கவிட்டிருந்த சின்னக் கையுறையிலை ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்தார். இல்லாத பிள்ளைக்கு ஏன் அண்ணை எண்டு கேட்டன். 'அவள் தனிய இருந்து ஒரு குடும்பத்தையே உண்டாக்கி வைச்சிருக்கிறாள். நான் அதைக் கலைக்கக் கூடாது' எண்டவர்."

வாழைக்காய்ப் பையை நான் வாங்கவில்லை. அவர் நீட்டிக்கொண்டே நின்றார். மேலே மெற்றோ வந்தது. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் மற்றதையும் சொன்னார்.

"கடைசி மாதங்களிலை ஞாயிறெண்டால் இஞ்சை வாசலிலைதான் நிப்பார். வெளியிலை குளிர், உள்ளுக்கை வாங்கோ எண்டுவன். மாட்டார். இருமல் வரப்போகுதெண்டால் போனைக் கையாலை பொத்திக்கொண்டு ரயில் வருதோ எண்டு பாப்பார். ரயில் வந்தாப்பிறகு அந்தத் தூணைப் பிடிச்சுக்கொண்டு இருமுவார். உங்களிட்டை ரயில் போகுது, பொறு பிள்ளை எண்டுவார். சில நேரம் ரயில் வராது, தங்கச்சி. அப்பவும் அதைத்தான் சொல்லுவார்."

எனக்கு அந்த நேரங்கள் ஞாபகம் இருக்கின்றன. பொறு பிள்ளை என்ற பிறகு சத்தமே வராத நேரங்கள். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறேன். நல்ல காது உள்ளவள் நான்.

உங்களில் எனக்குக் கோபம் உண்டு அப்பா. நான் ஒரு தாதி. சொல்லியிருந்தால் ஒக்டோபரிலேயே வந்திருப்பேன், ஐந்து மாதம் பக்கத்தில் இருந்திருப்பேன், முகம் பார்த்துக் கதைக்க அப்போதாவது பழகியிருப்போம். அந்த ஐந்து மாதத்தை எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு ரயில் சத்தத்தைத் தந்துவிட்டுப் போனீர்கள். பிறகு யோசிப்பேன்: முதலில் பொய் சொன்னது யார்? குளிர் இல்லை என்றது யார்? நீங்கள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டீர்களோ, ஒன்பது வருடம் ரயிலுக்குக் கீழே நின்று "நான் நல்லா இருக்கிறன்" என்று சொன்ன உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டேனோ, தெரியவில்லை.

நான் வடக்குக்குத் திரும்பிப் போகவில்லை. என் சாமான்களை மேரி கட்டி அனுப்பினாள். குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கடுதாசியையும் உரித்து உள்ளே வைத்திருந்தாள். தமிழ் எழுத்து, என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இல்லை, தெரிந்திருக்கும்.

இப்போது பாரிசின் வடபுறத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சு நோய்ப் பகுதியில் வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் லெ பிளாங்-மெனில் புறநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நோர்வேயில் இருக்கும் மகன் எடுத்தபோது தொலைபேசியை என்னிடம் நீட்டி, "நான் நல்லா இருக்கிறன் எண்டு நீயே சொல்லிவிடு பிள்ளை, உன்ர வாயாலை சொன்னால் நம்புவான்" என்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன். தொலைக்காட்சியை நிறுத்தினேன். தொலைபேசியைத் திரும்ப அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கதையுங்கோ அம்மா. நான் பக்கத்திலை நிக்கிறன்." அவருக்கு என்னில் நல்ல கோபம். "நான் நல்லா..." என்று தொடங்கினார், இருமல் வந்துவிட்டது. மறைக்க அந்த அறையில் ஒரு சத்தமும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் மகன் வந்து கட்டிலடியில் நின்றான். தாயும் மகனும் ஆளையாள் ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே நானும் ஒருமுறை உங்களுக்கு உண்மை சொல்லிவிடுகிறேன். குளிர் தாங்க முடியாததாக இருந்தது அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் என்னை இடியப்பத்துக்குக் கூப்பிடவில்லை. ரயில் சத்தம் நின்று நீங்கள் தொலைபேசியை வைத்த பிறகு அந்த நாள் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும். அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பேன். திரும்பி வர வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். நீங்கள் பெருமையாகச் சொல்லித் திரிகிறீர்கள் என்று அம்மா சொன்னதால் இருந்தேன்.

அம்மாவின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கியாயிற்று. கையுறைகளை அதில் வைக்கவில்லை. இப்போது என் குளிர்க் கோட்டின் பையில் இருக்கின்றன. இன்று மெற்றோவில் ஒரு பெண் என் பக்கத்தில் இருந்து தும்மினாள்.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க முதல் சொல்லிவிடுகிறேன். அபி வளர்ந்துவிட்டாள், கையுறை அவளுக்குச் சின்னதாகிவிட்டது, அதனால் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் நல்ல சுகம் அப்பா.